கவாத்துப் பந்தலும் வயலினும்

கல்லூரியில் ஊடகப் பாடம் படித்தபோது ஒரு கேள்விக்கு வரிந்து கட்டிக்கொண்டு பதில் எழுதினேன். வறட்சிப் படம் என்றால் வெடித்த மண், இலையில்லாத கொடி, விவசாயியின் முகம் மிக அருகில், பின்னால் வயலின். மீதியைப் பார்ப்பவரே நிரப்பிக்கொள்வார். நல்ல மார்க் வந்தது. அந்தப் பாடத்தை என் வீட்டிலேயே செய்து காட்டினாள் என் அறைத்தோழி.

திராட்சை விவசாயியின் ஒரு நாளைப் படமெடுக்க வேண்டும் என்றாள். நம்பித்தான் எங்கள் ஊரான கம்பத்துக்குக் கூட்டிவந்தேன். கிணறு வற்றிய வருஷத்திலும் பந்தலைக் காயவிடாதவர் என்று அப்பாவுக்கு ஊரில் ஒரு பேர் உண்டு. அப்போதுதான் கவாத்து முடிந்திருந்தது. கொடியை ஒட்ட வெட்டியதில் ஓர் இலைகூட இல்லாமல் பந்தல் மொட்டையாக நின்றது. எங்களுக்கு அது மகசூலின் தொடக்கம். நாலு மாதத்தில் பழம் பறிக்கலாம். அப்பா அதை அவளுக்கு விளக்கினார். குச்சியை நகத்தால் கீறி உள்ளே இருந்த பச்சையையும் காட்டினார். அவள் படமெடுத்தாள். வெளிச்சம் விழத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்து நின்றவள் நான்.

அன்று அம்மா அவளுக்கு நாட்டுக்கோழிக் குழம்பு வைத்தாள். நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு ஞாயிறு மாலை உள்ளூர் கேபிளில் படம் வந்தது. பக்கத்துத் தோட்டத்து மாமாவையும் அப்பா அழைத்து உட்காரவைத்திருந்தார். மொட்டைப் பந்தல் மெதுவாக நகர்ந்தது. அப்பா துண்டால் வியர்வையைத் துடைத்தது, கண்ணீரைத் துடைப்பதாக ஆகியிருந்தது. அவர் குரலே இல்லை. உதடு அசைய, மேலே வயலின். வெடித்த மண் எங்களுடையதே இல்லை. எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருந்தாள்.

மாமாவும் அதே வாரம் கவாத்து செய்தவர்தான். பிஞ்சு பிடித்துப் பச்சைப் பசேலென்று நிற்கும் எங்கள் பந்தலைத் தினமும் தாண்டிப் போகிறவர். அவரே கண் கலங்கி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இம்புட்டு கஷ்டத்த எங்கள்ட்ட ஒரு வார்த்த சொல்லலையே, மாப்ள."

தோழிக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். வறட்சி என்று தான் எங்கேயும் சொல்லவில்லையே என்றாள். உண்மைதான். படத்தில் அந்தச் சொல் ஓரிடத்திலும் இல்லை. அவ்வளவு சுத்தமான துரோகம்.

மறுநாள் காலை அப்பா பந்தலுக்கு அடியில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"குச்சியக் கீறிப் பச்சையக் காட்டுனேனே, ஆத்தா. அந்தப் புள்ள எடுத்துச்சே. அத ஏன் போடல?"

எனக்குப் பதில் தெரியும். மார்க் வாங்கிய பதில்.