யோனா வெளியே வந்த பிறகு

கடலில் மீன்பிடிக்கத் தடை இருந்த காலம். மனநோய் மருத்துவருக்காகக் காத்திருந்த வாங்கில் எனக்குப் பக்கத்தில் குருநகர் மீனவர் ஒருவர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றிக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"மனச்சோர்வு எண்டு பங்குச் சுவாமியிட்டைச் சொன்னன். மீன் வயித்துக்குள்ளை இருந்து செபிச்ச யோனாவை நினைக்கச் சொன்னார். யூதரும் நோன்பு நாளிலை அந்தக் கதையைத்தான் வாசிக்கினமாம். மௌலவியிட்டைப் போனன். அவரும் மீனுக்குள்ளை யூனுஸ் நபி கேட்ட துஆவைத்தான் ஓதச் சொன்னார். நாப்பது வருசமா மீன் வெட்டுறன் தம்பி, ஒண்டுக்குள்ளையும் ஆளைக் காணேல்லை."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"வெளியிலை வந்தாப்பிறகு அவருக்குச் சுகமே?"

நான் மாதா கோயிலில் மறைக்கல்வி கற்பிப்பவன். வெளியே வந்த யோனா, தான் எச்சரிக்கப் போன நகருக்கு அப்பால் உட்கார்ந்து கடவுளிடம் சாவைக் கேட்டது எனக்குத் தெரியும்.

"ஓம் அண்ணை, நல்ல சுகம்."

"அப்ப சரி" என்று மருத்துவரைப் பார்க்காமலே எழுந்து போனார். என் பொய்யை நம்பினாரா, கண்டுபிடித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.