கரிவலத்துக்கு மாற்றிக் கொடுத்த ஆட்டக்காரர்

அன்று சாயங்காலம் அந்த நோட்டை நான் எதற்காக வெளியே எடுத்தேன்? நியாயமாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகவா, என் வீட்டுக்காரர் இனியாவது சாயங்காலங்களில் வீட்டில் இருப்பார் என்ற ஆசையாலா? எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

விஷயம் பூப்பந்தாட்டம் பற்றியது. சங்கரன்கோவிலில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டுக்குப் பின்னால், தறிக்கூடங்களுக்கு நடுவே ஒரு காலி மனை கிடக்கிறது. அதுதான் எங்கள் ஊர் அணியின் மைதானம். மஞ்சள் கம்பளிப் பந்து, நடுவில் வலை, பக்கத்துக்கு ஐந்து பேர். பெண்கள் மைதானத்தில் போய் நின்று பார்க்கிற வழக்கம் இங்கே கிடையாது. ஆனால் எங்கள் மொட்டைமாடியில் நின்றால் நான்கு மூலைக் கோடும் தெளிவாகத் தெரியும். மாடிக்குத் துணி எடுக்கப் போகிறவளை யார் தடுக்க முடியும்?

என் வீட்டுக்காரர் பகலில் நெசவாளர் சங்கத்தில் எழுத்தர். ஐந்தரை மணிக்கு மேல் அணியின் பின்வரிசை ஆட்டக்காரர். பின்வரிசையில் இரண்டு பேர் நிற்பார்கள். அவர்களை ‘பேக்’ என்பார்கள். நடுவில் ஒருவர், அவர் ‘சென்டர்’. வலையோரம் இரண்டு பேர். எங்கள் அணியின் இன்னொரு பேக், பஸ் கண்டக்டர். சென்டர், பள்ளிக்கூட வாத்தியார்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் கோவில்பட்டியில் விடுதியில் தங்கிப் படித்தேன். எனக்கு ஆட வராது. ஆனால் எங்கள் பள்ளி அணிக்குக் குறிப்பு எழுதுகிறவள் நான்தான். பந்து மட்டையில் பட்டு வலையில் விழுந்தால், அல்லது கோட்டுக்கு வெளியே போனால், அடித்தவள் பெயருக்கு நேரே ஒரு கோடு போட வேண்டும். எங்கள் விளையாட்டு ஆசிரியை சொல்லிக் கொடுத்த முறை அது. வேறு முறை எதுவும் எனக்குத் தெரியாது.

என் மகள் பிறந்து ஏழு மாதமான இந்த வருஷத்து ஆனி மாதத்தில், தறிக்கூடத்துப் பஞ்சு பறந்து வந்து அவளுக்கு இருமல் பிடித்தது. சாயங்காலம் காற்றாட மாடியில் வைத்திருங்கள் என்றார் டாக்டர். அந்த மாடியின் கைப்பிடிச் சுவர் என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வரும், அவ்வளவுதான். குழந்தை தவழ ஆரம்பித்த நேரம். ஒரு பழைய சேலையைக் கிழித்து அவள் இடுப்பையும் என் இடுப்பையும் சேர்த்துக் கட்டிக்கொள்வேன். முடிச்சு இறுகிவிட்டதோ, தளர்ந்துவிட்டதோ என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பார்ப்பேன். அந்தப் பதற்றத்தை அடக்கக் கைக்கு ஒரு வேலை தேவைப்பட்டது. பழைய நோட்டு ஒன்றை எடுத்து ஐந்து பேர் பெயரையும் எழுதிக் கோடு போட ஆரம்பித்தேன்.

ஆட்டம் முடிந்து எங்கள் வீட்டுக்கு டீ குடிக்க வரும்போது ஆட்டக்காரர்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கேலிதான் முதலில். பிறகு தினமும் யாராவது ஒருவர் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்து, “மதினி, இன்னைக்கு எனக்கு எத்தன?” என்று கேட்டுவிட்டுப் போவார்.

ஆடித் தபசுத் திருவிழா முடிந்த மறுவாரம் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பேச்சு நடந்தது. சுற்று வட்டாரத்து அணிகளுக்குள் ஒரு பழக்கம் உண்டு. இரண்டு அணித் தலைவர்கள் வாய்வார்த்தையாகப் பேசி, ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வார்கள். மாற்றினால் அடுத்த தை பிறக்கும்வரை அந்த ஆள் அந்த அணிக்குத்தான் ஆட வேண்டும். நடுவில் திரும்பக் கேட்டால் அந்த ஊரோடு உறவே போய்விடும். தையில் யாரும் திரும்பக் கேட்காவிட்டால் அப்படியே தொடர்வார்.

எங்கள் அணித் தலைவர் சைக்கிள் கடை வைத்திருக்கிறவர். நாற்பதைத் தாண்டியவர், இப்போது ஆடுவதில்லை. அவர்தான் ஆரம்பித்தார்.

“கரிவலம்வந்தநல்லூர்ல ஒருத்தன் ஆடுதான் பாத்துக்கோங்க. இருபத்தோரு வயசு. நின்ன எடத்துல கைய நீட்டுனா போதும், பந்து வந்து ஒட்டிக்கிடுது. தப்பே விட மாட்டான். இன்னும் ரெண்டு வருசத்துல மில்லு டீமுக்காரன் வந்து வேல குடுத்துக் கூட்டிட்டுப் போயிருவான்.”

“ரெண்டு வருசத்துல போறவன எதுக்கு வே கொண்டாரணும்?” என்றார் என் வீட்டுக்காரர். “நாம தண்ணி ஊத்தி வளப்போம், மில்லுக்காரன் பறிச்சிட்டுப் போவான்.”

“ரெண்டு வருசமும் கப்பு நமக்குலா? நீரு பத்து வருசமா இங்கனதான் ஆடுதீரு. எத்தன கப்பு வாங்கிக் குடுத்தீரு?”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

வாத்தியார் மட்டும் கேட்டார்: “அவங்க சும்மா தருவாங்களா அண்ணாச்சி? யாரக் கேக்காங்க?”

“பேக்குக்குப் பேக்கு. அங்கன பூரா சின்னப் பயலுவ. நிதானமா நின்னு சொல்லிக் குடுக்க ஒரு மூத்த ஆளு வேணும்ங்காங்க.”

இரண்டு பேக்கில் ஒருவர் போக வேண்டும். ஒன்று கண்டக்டர், இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர்.  தலைவர் சமையலறைப் பக்கம் திரும்பினார்.

“தங்கச்சி, நீங்கதான் எழுதுதீங்களே. அந்த நோட்ட எடுத்துட்டு வாங்க. அது சொல்லட்டும்.”

பாதி விளையாட்டாகத்தான் கேட்டார். குழந்தை கிழித்துவிட்டாள் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார்கள். நான் சொல்லவில்லை. அரிசிப் பானைக்கு மேலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். கொடுக்கும்போதே அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் பெயருக்கு நேரே கோடுகள் இடம் போதாமல் அடுத்த வரிக்குப் போயிருந்தன. கண்டக்டருக்கு அதில் பாதிகூட இல்லை.

தலைவர் பார்த்துவிட்டு நோட்டை மூடப் போனார். என் வீட்டுக்காரர் அதை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

“எம் பேருக்கு நேராத்தான் கூட இருக்கு. எழுதுனது என் வீட்டு ஆளு. பெறகு என்ன பேச்சு? நான் போறேன்.”

“என் வீட்ல மட்டும் இப்படி ஒரு நோட்டு இருந்தா, என்னைய கரிவலத்துக்கு இல்ல, குருவிகுளம் தாண்டி அனுப்பிருப்பா” என்றார் கண்டக்டர். அதற்கும் சிரித்தார்கள். நான் டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

அவர்கள் போன பிறகு என் வீட்டுக்காரர் கேட்டது ஒன்றுதான். “ஏட்டி, எப்பம் இருந்து எழுதுத?”

“ஆனி பொறந்ததுல இருந்துங்க.”

“பிள்ளையப் பாத்துக்கிட்டே வெளையாட்டுக்குக் கிறுக்குதன்னுல்லா நெனச்சேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அது இத்தனை நாள் நினைவிருக்கிறது.

அவர் கரிவலத்துக்கு ஆடப் போக ஆரம்பித்தார். சங்கத்திலிருந்து நேரே பஸ் ஏறிவிடுவார். திரும்பி வர எட்டரை ஆகிவிடும். முன்பாவது ஏழு மணிக்கு வந்து மகளைத் தூக்குவார். இப்போது அவர் வரும்போது அவள் தூங்கியிருப்பாள். வேறு ஊருக்கு என்றால் ஆட்டத்தையே விட்டுவிடுவார் என்று நான் ஆசைப்பட்டது என்ன, நடந்தது என்ன என்று நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கும்.

அவருக்குப் பதிலாகக் கரிவலத்திலிருந்து புது இளைஞர் வந்த பிறகு நடந்த முதல் பெரிய ஆட்டத்தை மாடியிலிருந்து பார்த்தேன். ஆவணிக் கடைசி, மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று இன்னும் அடங்கவில்லை. கம்பளிப் பந்து கனமே இல்லாதது. காற்று அதைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போகும். அன்று எதிரணிக்காரர்கள் பந்தைச் சும்மா உயரத் தூக்கிவிட்டார்கள். அது மிதந்து மிதந்து எங்கள் அணியின் கிழக்கு மூலையில், கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே விழுந்தது. புது இளைஞர் பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொரு பந்து, அதே மூலை. கண்டக்டர் இரண்டு அடி வைத்துவிட்டு நின்றுவிட்டார். பென்சிலை வைத்துக்கொண்டு நானும் நின்றேன். மட்டையில் படவில்லை. ஆகவே யார் பெயருக்கும் கோடு இல்லை. ஆட்டம் முடிந்தபோது நோட்டில் எங்கள் பேக் இருவரும் சுத்தமாக இருந்தார்கள். எங்கள் அணி தோற்றிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்தப் பக்கம் மாறி ஆடினாலும் அந்தக் கிழக்கு மூலையை என் வீட்டுக்காரர் கேட்டு வாங்கிக்கொள்வார். காற்று கொண்டுபோகும் பந்தை எல்லாம் துரத்துவார். பத்தில் சிலதைத் திருப்பி அனுப்புவார். மீதி மட்டை நுனியில் பட்டு வெளியே போகும். போகிற ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு கோடு போட்டேன். ஓடாமல் நின்றவர்களுக்கு ஒன்றும் போடவில்லை. பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஆடிய இடம் நான்கு பக்கமும் கட்டடம் சூழ்ந்தது. காற்றே வராது. அங்கே பொருந்திய முறையை ஆனி ஆடிக் காற்றில் கொண்டுவந்து வைத்து, ஒரு மனிதரின் மதிப்பைச் சொல்லிவிட்டேன்.

அழுதுகொண்டு உட்கார எனக்கு நேரமில்லை. மறுநாளே புது நோட்டு போட்டேன். பக்கத்துக்கு ஒரு மைதானம் வரைந்து, ஒன்பது கட்டங்களாகப் பிரித்து, யாரும் தொடாமல் விழுந்த பந்து எந்தக் கட்டத்தில் விழுந்தது என்று புள்ளி வைத்தேன். இரண்டு வாரத்தில் கிழக்கு மூலைக் கட்டம் கறுத்துவிட்டது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனேன். அதற்கு முன்னால் நான் கடைத்தெருவில் தனியாக நின்று எந்த ஆணிடமும் அவ்வளவு நேரம் பேசியதில்லை.

தலைவர் முழுவதும் கேட்டார். ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே சொன்னார்:

“தங்கச்சி, மொத நோட்டு அவர அனுப்புச்சு. ரெண்டாவது நோட்டு திருப்பிக் கூப்பிடுது. புருசன் லேட்டா வாராருன்னா நேராச் சொல்லலாம்லா? இதுக்கு எதுக்கு ஒம்பது கட்டம்?”

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.  அவர் சொன்னதில் உண்மை இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் நான் நகரவில்லை.

“அண்ணாச்சி, எனக்கு அவர் சீக்கிரம் வரணும்தான். அதுக்காகப் பந்து அந்த மூலையில விழாம இருக்குதா? நாளைக்கு நீங்களே மாடிக்கு வந்து பாருங்க.”

அவர் சிரிப்பதை நிறுத்தினார். மறுநாள் வந்தார். ஒரு மணி நேரம் கைப்பிடிச் சுவர் ஓரம் நின்று பார்த்தார். போகும்போது, “வார்த்த குடுத்தாச்சு, தை வரைக்கும் ஒண்ணும் செய்ய முடியாது. அதுவரைக்கும் எழுதுங்க. தை ஒண்ணாந்தேதி நோட்டக் கொண்டாங்க. சரியா இருந்தா அவரத் திரும்பக் கேக்கேன். அந்தப் பயல அனுப்பிருதேன்” என்றார். கரிவலத்துக்காரர்களோ என் வீட்டுக்காரரைத் தங்களோடே வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். இந்த மனுசன் ஓடுகிறதைப் பார்த்து எங்கள் பையன்களும் ஓடுகிறார்கள் என்று அந்த ஊர்த் தலைவர் சொன்னாராம். இவரிடம் கேட்டால், “எனக்கு நம்ம ஊருக்கு ஆடணும். ஆனா நானா வாய் தொறந்து கேக்க மாட்டேன்” என்கிறார்.

அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். போன வாரம் அந்த இளைஞர் டீ டம்ளரைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், வாசற்படியிலேயே நின்றார்.

“மதினி, நான் ஓட மாட்டேங்கேன்னு எழுதுதீங்களாமே?”

“விழுற எடத்தத்தான் எழுதுதேன். யாரு பேரும் எழுதல.”

“ஓடத்தான் கால எடுக்கேன். வாத்தியார் அண்ணன் ‘விடு, வெளிய போகுது’ன்னு சத்தம் போடுதாரு. புதுசா வந்தவன், மீறி ஓட முடியுமா? இங்கன இருந்தாத்தான் மில்லுக்காரங்க கண்ணுல படுவேன்.”

மாடிக்கு அந்தச் சத்தம் கேட்பதே இல்லை. தறி ஓசை அமுக்கிவிடுகிறது. ஒரு தடவை தப்பான முறையால் ஒருவரை ஊர் விட்டு ஊர் அனுப்பினேன். அவரைத் திரும்பக் கொண்டுவர இன்னொருவரை அனுப்பப் போகிறேனா? பிறகு என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்: வாத்தியார் உங்களிடமும் ‘விடு’ என்று கத்துவாரா? “கத்துவாரு. நான் கேக்க மாட்டேன்” என்றார்.

தைக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. நோட்டைக் கொண்டுபோவது என்று முடிவு செய்துவிட்டேன், அதில் மாற்றமில்லை. எப்படி எழுதிக் கொண்டுபோவது என்பதுதான் தெரியவில்லை. இதைப் படிப்பவர்களில் கபடியோ கைப்பந்தோ எந்த ஆட்டத்துக்காவது குறிப்பு எழுதிப் பழகியவர்கள் இருப்பீர்கள். யாரும் தொடாமல் விழுந்த பந்தை யார் பெயரில் எழுதுவீர்கள்? பக்கத்தில் நின்றவர் பெயரிலா, ‘விடு’ என்று சொன்னவர் பெயரிலா, ஐந்து பேர் பெயரிலுமா? சொல்லுக்குக் கட்டுப்பட்டு நின்றவரையும் மீறி ஓடியவரையும் ஒரே பக்கத்தில் எப்படி நிறுத்துவது? தெரிந்தவர்கள் தை பிறப்பதற்குள் எனக்கு எழுதுங்கள்.