குளக்கரை மரங்கள்

இட்டுக்கட்டியது என்று நினைக்காதீர்கள். பத்து பெரண்டாம் என்ற ஊரில் இருக்கும் தேவமலருக்கு நடந்தது இது. அவளிடம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். அதனால் நான் சொல்கிறேன்.

தேவமலர் ஓவிய ஆசிரியை. மஸ்ஜித் தானா ஊரில் சாமிக்கண்ணுவின் பழைய சாமான் கடையில் ஒரு படம் வாங்கினாள். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியம் ஒன்றின் அச்சுப் பிரதி. குளக்கரையில் மரங்கள், அவ்வளவுதான். ஓர் இலையைக்கூடத் தனியாக வரையவில்லை. சாம்பல் கலந்த பச்சை மூட்டம். ஆனாலும் உற்றுப் பார்த்தால் கிளைக்குள் காற்று நுழைவது தெரியும். தினமும் பள்ளி விட்டு வந்ததும், தேநீரோடு அதன் எதிரில் உட்கார்ந்துவிடுவாள்.

அவள் கணவன் காந்தனுக்குப் படம் பார்க்கும் பழக்கமே இல்லை. ஒரு மாலை அந்தப் பக்கமாகப் போனவன் நின்றான்.

“அந்தப் பொம்பள யாரு, மலர்?”

“எந்தப் பொம்பள?”

“மரத்துக்குப் பின்னால. மஞ்ச சாரோங்.”

அவள் பார்த்தாள். மரங்கள் மட்டுமே இருந்தன.

“பிரெஞ்சுக்காரர் படத்துல சாரோங்கா? போங்கலா,” என்று சிரித்தாள்.

மறுநாள் அவன் சொன்னான்: “முன்னால வந்துட்டா.”

அவன் சிரிக்கவில்லை.

அதன்பின் அவளுடைய நாற்காலியில் அவன் உட்காரத் தொடங்கினான். வீட்டில் சரசரவென்று இலைச் சத்தம்... காற்றாடி ஓடவில்லை. வெளியே மரமும் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் பசாரில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பினாள். காந்தன் படத்தின் முன்னால் இருந்தான். முழங்கால்வரை ஈரம். படம் மாட்டிய சுவரடியிலிருந்து நாற்காலிவரை சேற்றுத் தடம்.

“எங்க போனீங்க?”

“கூப்பிட்டா... போனேன்.”

குரல் அவனுடையதுதான்.

படத்தைக் கழற்றிக் காரில் போட்டாள். நேரே கடைக்கு ஓட்டினாள்.

“அங்கிள், இத வச்சுக்குங்க. காசு வேணாம்.”

சாமிக்கண்ணு கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

“யாரும்மா இது, தண்ணிக்குள்ள?”

“மஞ்ச சாரோங் பொம்பளையா?”

“பொம்பள யாரும் இல்லியே. ஒரு ஆம்பள. முதுகக் காட்டி நிக்கிறாரு.”

அவள் கண்ணுக்கு மரங்கள்தான்...

வீடு திரும்பினாள். காந்தன் தரையைத் துடைத்து வைத்திருந்தான்.

சில நாள் கழித்துச் சாமிக்கண்ணு போன் செய்தார். காந்தன் அடுக்களையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தான்.

“படத்துல அந்த ஆளு இந்தப் பக்கம் திரும்பிட்டாரும்மா.”

அவள் அடுக்களைப் பக்கம் பார்த்தாள்.

“உங்க வீட்டுக்காரரு. நீங்க வாங்குன அன்னிக்குப் படத்த கார்ல ஏத்துனாரே... அவரேதான்.”

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

“வாயத் தொறந்திருக்காரும்மா... யாரையோ கூப்பிடுற மாதிரி.”