கன்னியப்பனின் சொந்தக்காரர்கள்

“வா மச்சான், இன்னா இவ்ளோ லேட்டு?” என்று கேட்டைத் திறந்தபடியே கன்னியப்பன் உரக்கக் கேட்டார். உள்ளே வேலையில் இருந்தவர்களுக்கும் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் சத்தம். மச்சான் எனப்பட்டவர் அசாமிலிருந்து வந்தவர். தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. தன்னை யாரோ திட்டுகிறார்கள் என்று நினைத்து வாசலிலேயே நின்றுவிட்டார். கன்னியப்பன் குரலைத் தாழ்த்தி, ஆம்பூர் ஃபேக்டரியில் பழகிய உருதுவில், மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளச் சொன்னார். அவருடைய சட்டைக் கையை முழங்கைக்கு மேல் தானே மடித்துவிட்டார். பிறகு வருகைப் பதிவேட்டைத் திறந்து, ‘உறவு’ என்ற கட்டத்தில் நிதானமாக ‘மச்சான்’ என்று எழுதினார்.

வேலூர் தோட்டப்பாளையத்துப் பின்தெரு ஒன்றில், முன்பு ஷூவுக்கு மேல்பாகம் தைத்துக்கொண்டிருந்த ஷெட்டில் எங்கள் மேக்கர் ஸ்பேஸ் நடக்கிறது. நாங்கள் நாற்பது ஐம்பது பேர் சேர்ந்து நடத்தும் பொதுப் பட்டறை. மரவேலை மேசைகள், துளை போடும் மெஷின், தோல் தைக்கும் தையல் மெஷின்கள், ஒரு லேசர் கட்டர். நர்சுகளும் வாத்தியார்களும் கம்பெனி ஆட்களும் ஓய்வு நேரத்தில் வந்து தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே செய்துகொள்வார்கள். உறுப்பினராகச் சேர்ந்து மூன்று நாள் பயிற்சி முடித்தால்தான் மெஷினைத் தொடலாம். வெளியாள் வரக் கூடாது. ஒரே ஒரு விலக்கு உண்டு: உறுப்பினர் தன் உறவினர் ஒருவரை அழைத்து வரலாம், வந்தால் கூடவே நிற்க வேண்டும். பட்டறைப் பொறுப்பாளரான கன்னியப்பனும் ஓர் உறுப்பினர். இந்த விலக்கை அவரைப் போல வேறு யாரும் பயன்படுத்தியதில்லை.

ஐம்பத்தெட்டு வயது. ஒல்லி உடம்பு, காக்கி அரைக்கால்சட்டை, அதன் மேல் வெளுத்துப்போன முழு ஏப்ரன். ஆம்பூரிலிருந்து காலை ரயிலில் காட்பாடிக்கு வந்து டவுன் பஸ் பிடிப்பார். இருபத்து நான்கு வருடம் சோல் ஒட்டும் பிரஸ்ஸில் நின்றவர். புதிதாக யாரைச் சந்தித்தாலும் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டி, “பத்தும் கீது, எண்ணிக்கோ” என்பார். மெஷின் ஓடும்போது உட்கார மாட்டார். யாருடைய மெஷினானாலும் சரி, அது நிற்கும் வரை டீயை ஆறவிட்டு நிற்பார். மேசை இடுக்குகளில் சேரும் மரத்தூளைச் சைக்கிள் பம்பால் ஊதித் தள்ளுவார். வேக்குவம் கிளீனர் வாங்கித் தந்தோம். “சத்தம் ஜாஸ்தி, வேலை கம்மி” என்று அதை அட்டைப் பெட்டியிலேயே வைத்துவிட்டார்.

அந்த அசாம்காரர்தான் முதல் சொந்தம். தச்சர். பெரிய ஆஸ்பத்திரியில் மனைவிக்கு இருதய ஆபரேஷன். தேதி இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. காந்தி ரோட்டு லாட்ஜில் தங்கி, பார்வை நேரம் போக மற்ற நேரமெல்லாம் தெருத்தெருவாக நடந்துகொண்டிருந்தார். ரம்பம் ஓடும் சத்தம் கேட்டு எங்கள் கேட்டில் வந்து நின்றார். மூன்று நாள் வந்து நின்றார். நான்காம் நாள் கன்னியப்பன் அவரை மச்சானாக்கி உள்ளே கூட்டிப்போனார். அவர் அன்று பெரிதாக எதுவும் செய்யவில்லை. கிடந்த தேக்குத் துண்டு ஒன்றைச் சாயங்காலம் வரை இழைத்து, கண்ணாடி போலாக்கி, மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ஏன் இப்படி என்று நான் ஒருமுறை கேட்டேன். சில வருடங்களுக்கு முன் அவருடைய மனைவி ஜோதியை அதே ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் சேர்த்திருந்தாராம். வராந்தாவில் உட்கார்ந்து உட்கார்ந்து, ஐந்தாம் நாள் வீட்டிலிருந்து ஊசியும் நூலும் எடுத்துவந்து, பக்கத்தில் இருந்தவர்களின் அறுந்த செருப்புகளைத் தைக்க ஆரம்பித்தாராம். “கை சும்மா இருந்தா மனசு பேஜாராயிடும் சார்” என்றார்.

அதற்குப் பிறகு சொந்தம் பெருகியது. வயதில் மூத்த ஆண் என்றால் சித்தப்பா. அதட்டிப் பேசுபவர் என்றால் சம்பந்தி. பெண்கள் எல்லோரும் தங்கச்சி. ஜார்க்கண்ட் தங்கச்சி ஒருத்தி, கணவரின் கட்டுப்போட்ட கையைத் தாங்க மெத்தென்ற தோல்பட்டை தைத்துக்கொண்டு போனாள். சித்தூர் சம்பந்தி தன் ஊன்றுகோலுக்குப் புதுப் பிடி செதுக்கினார். ஒவ்வொருவரும் ஒரு நாள் வருவார்கள், அபூர்வமாக இரண்டாம் நாளும். அவர்கள் பக்கத்திலேயே கன்னியப்பன் கைகட்டி நிற்பார். ஆம்பூரில் ஷூ தைக்கப் போகும் ஜோதி ஒருநாள் ஆஸ்பத்திரிக்குக் காட்ட வந்த வழியில் சாப்பாட்டுக் கூடையைக் கொடுக்க வந்தபோது பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். “எங்க கல்யாணத்துக்கு வந்ததே நாப்பது பேரு. இப்ப இந்தியா பூரா சொந்தமா” என்று சிரிக்காமல் சொன்னார்.

விஷயம் வெளியே வந்தது கன்னியப்பனாலேயே. போன கார்த்திகையில் வங்காளத்திலிருந்து வந்த வயதான பள்ளி ஆசிரியர் ஒருவர், பதிவேட்டின்படி சித்தப்பா, ஒரு மரப்பெட்டிக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தார். சட்டைக் கையின் பட்டன் திறந்து கிடந்தது. சுழலும் துளைக்கம்பி அதைப் பிடித்து இழுத்தது. கன்னியப்பனின் கை மெஷினை நிறுத்தும் சிவப்புப் பட்டனை அடித்துவிட்டது. சட்டை முழங்கை வரை கிழிந்தது. மணிக்கட்டில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். வாத்தியார் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கும்பிட்டார். அன்று வேறு உறுப்பினர்கள் யாரும் இல்லை; சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கன்னியப்பன் விபத்து நோட்டை எடுத்து எழுதினார்: ‘சித்தப்பா சட்டை கை கிழிந்தது. தவறு என்னுடையது. பட்டன் போட்டாரா என்று பார்க்கவில்லை.’

நோட்டு, செயலாளர் பெர்சிஸின் மேசைக்குப் போனது. பெர்சிஸ் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் நடத்துபவர். எந்தக் காகிதத்தையும் இரண்டு முறை படிப்பார். விபத்து நோட்டையும் பதிவேட்டையும் அருகருகே வைத்துக்கொண்டு கன்னியப்பனைக் கூப்பிட்டார். நானும் அங்கே இருந்தேன்.

“அண்ணா, உங்க சித்தப்பா பேரு உத்பல் மண்டலா?”

“ஆமா மேடம். அப்பா வழியில” என்றார் கன்னியப்பன். பிறகு ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, “பொய்தான் மேடம்” என்றார்.

பெர்சிஸ் அவரைத் திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பேசலாம் என்று பதிவேட்டை மூடி வைத்தார். அந்த வாரம் முழுக்கக் கன்னியப்பன் கேட்டைச் சாத்தியே வைத்திருந்தார். தெருவில் யாராவது நின்று பார்த்தால் உள்ளே போய்ச் சைக்கிள் பம்பை எடுத்துக்கொண்டார்.

கூட்டத்துக்கு வழக்கத்தைவிட நிறையப் பேர் வந்திருந்தார்கள். அவரை வேலையில் வைத்திருக்க முடியுமா என்பதே பலர் மனதில் இருந்த கேள்வி. லேசர் கட்டரில் விளக்குக்கூடுகள் செய்யும் டைட்டஸ்தான் கடுமையாகப் பேசினான். எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி, நேற்று ரயிலில் இறங்கியவருக்கு எதுவும் வேண்டாமா என்றான். ஒரு விரல் போயிருந்தால் ஷெட்டையே பூட்டியிருப்பார்கள் என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. தோல் பைகளுக்கு மாதிரி வெட்டும் ரஷீத் அஹமது பெரியவர், சமாதானக்காரர். வெளியாட்களுக்கு ஒரு நாள் பாஸ் அச்சடித்துவிடலாம் என்றார். பெயர் எழுதி, கழுத்தில் மாட்டி அனுப்பலாம். இனி யாரும் யாருக்கும் மச்சானாக வேண்டியதில்லை. பலர் தலையாட்டினார்கள். கன்னியப்பனைக் காப்பாற்ற அவர் கண்டுபிடித்த வழி அது என்று எல்லோருக்கும் புரிந்தது. பெர்சிஸ் கன்னியப்பனைப் பார்த்து, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

“பாஸ் வேணாம் மேடம்” என்றார் அவர்.

ரஷீத் அஹமது கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார்.

“பாஸ் குடுத்தா வர்றவரு அதை மாட்டிக்கினு மெஷின்கிட்ட தனியா போய் நிப்பாரு. நம்மளும் பாஸ் இருக்குதேன்னு விட்ருவோம். சொந்தம்னா கூட ஒருத்தர் நிக்கணும். ஃபேக்டரில புது ஆளுக்கு மொத வாரம் பூரா பக்கத்துல ஒரு ஆளு நிப்பாங்க. ஒரு வருஷம் ஆர்டர் ஜாஸ்தின்னு அந்த ஆளை எடுத்துட்டாங்க. அந்த வருஷம் நான் பார்த்ததை இங்க சொல்ல வேணாம்.”

“சித்தப்பாகூட நீங்க நின்னீங்களே” என்றான் டைட்டஸ். “அப்பவும் மாட்டிக்கிச்சு இல்ல?”

“நின்னேன் தம்பி. அதான் சட்டையோட போச்சு.”

பிறகு பெர்சிஸ் பேனாவைத் திறந்தார். அன்று முடிவானது இது: செவ்வாயும் வெள்ளியும் ஒரு நாள் பாஸ் உண்டு. ஒவ்வொரு பாஸிலும், வந்தவரின் பெயருக்குக் கீழே, கூட நிற்கும் உறுப்பினரின் பெயர் இருக்க வேண்டும். உறுப்பினர் இல்லையென்றால் பாஸ் இல்லை. கைக் கருவிகளும் தையலும் மட்டும். சுழலும் மெஷின் எதையும் தொடக் கூடாது. கன்னியப்பன் வேலையில் தொடரலாம். ஆனால் பதிவேட்டில் பொய் எழுதியதற்காக ஒரு மாதம் அவர் யாருக்கும் துணை நிற்கக் கூடாது. பாஸ் நாட்களில் வாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. எழுத்துமூலமாகவும் ஒரு எச்சரிக்கை வந்தது. அது ஆங்கிலத்தில் இருந்ததால் என்னிடம் நீட்டிப் படிக்கச் சொன்னார். முழுவதும் கேட்டுவிட்டு, “நெசம்தான் எழுதியிருக்காங்க” என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

முதல் செவ்வாய்க்கிழமைக்குத் துணை நிற்பதாக அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தது ஒரே ஒரு பெயர், டைட்டஸ். யார் வற்புறுத்தியது என்று கேட்டேன். “யாருமில்ல” என்றான், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

பத்து மணிக்குத் திரிபுராவிலிருந்து வந்த ஒரு பெண்மணி வந்தார். லாட்ஜ் கட்டில் உயரமாம். கணவர் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாமல் தொங்கி வீங்கிவிடுகிறதாம். கால் வைக்க ஒரு சின்ன முக்காலி வேண்டும். இதையெல்லாம் கன்னியப்பன்தான் கேட்டில் நின்று கேட்டுத் தமிழில் சொன்னார். வளையல்களைக் கழற்றச் சொன்னார். சேலைத் தலைப்பைச் சுற்றிச் செருகச் சொன்னார். பாஸில் பெயரெழுதிக் கொடுத்தார். அதோடு அவர் வேலை முடிந்தது. வாசல்படியில் நின்றுகொண்டார்.

உள்ளே டைட்டஸ் பலகையில் கோடு போட்டுக் கொடுத்தான். அந்த அம்மாள் ரம்பத்தை எடுத்து இழுத்தார். அது கோட்டை விட்டு விலகியது. மறுபடி இழுத்தார், சிக்கிக்கொண்டது. டைட்டஸ் பொறுமையிழந்து ரம்பத்தை வாங்கித் தானே அறுக்கத் தொடங்கினான். அவர் இரண்டு கைகளையும் சேலையில் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

“தம்பி, அவங்க கைல குடு” என்றது வாசலிலிருந்து ஒரு குரல்.

டைட்டஸ் நிமிர்ந்து பார்த்தான். ரம்பத்தைத் திருப்பிக் கொடுத்தான். பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, மெதுவாக என்று கையால் காட்டினான். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். இந்த முறை கோட்டை ஒட்டியே தூள் உதிர்ந்தது. பென்சில் கோடு சரியாகத் தெரியாமல் அவர் குனிந்து குனிந்து பார்த்தார்.

வாசலில் நின்ற கன்னியப்பன் தன் நிழல் அந்த மேசை வரை நீண்டிருப்பதைக் கவனித்தார். படியிலிருந்து இறங்கி, இரண்டடி தள்ளி, தெருப்பக்கச் சுவரோரம் வெயிலில் போய் நின்றுகொண்டார். பலகையின் மேல் வெளிச்சம் விழுந்தது.