வசந்தாவை அழைக்க மாத்தளைக்கு

கண்டியை விட்ட ரயில் கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடந்ததும் வேகம் குறைந்துவிட்டது. அங்கிருந்து மாத்தளை பதினைந்து மைல் இருந்தால் அதிகம். ஆனாலும் வத்துகாமம், உக்குவளை என்று ஒவ்வொரு நிலையத்திலும் ஆற அமர நின்று, வாழைக்குலைகளையும் மூட்டைகளையும் இறக்கிவிட்டுத்தான் நகர்ந்தது. எதிரே இருந்த மிளகு வியாபாரி முதலில் சிங்களத்தில் பேச்சுக் கொடுத்தார். நான் விழித்ததைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார்; கனடா என்றேன். யாரைப் பார்க்க என்றார், மனைவியை என்றேன். உடனே அவர் எழுந்து எனக்கு ஜன்னலோர இடத்தைக் கொடுத்தார்.

எழுபதாம் ஆண்டு தை மாதம் அது. எனக்குச் சொந்த ஊர் மதுரைப் பக்கம். மனைவி வசந்தா மாத்தளைக்காரி. கனடாவில் ஓர் ஏரிக்கரையில் கட்டப்பட்டுவந்த அணுமின் நிலையத்தின் வடிவமைப்புப் பிரிவில் எனக்கு வேலை. உலையில் ஏதாவது கோளாறு வந்தால் அதை உடனே நிறுத்துகிற ஏற்பாட்டை வரைவது எங்கள் குழுவின் பொறுப்பு. முந்தைய ஆண்டு அங்கே எங்களுக்கு ஒரு பெண் குழந்தை ஏழாம் மாதத்திலேயே பிறந்து, அன்றே போய்விட்டது. உடம்பு தேறட்டும் என்று வசந்தாவை அவள் அப்பாவிடம் அனுப்பிவைத்தேன். உடம்பு தேறிவிட்டதாக எழுதினாள். திரும்பி வருவதைப் பற்றி மட்டும் எழுதவே இல்லை. எங்கள் வரைபடங்களுக்கு ஒப்புதல் கிடைத்த மறுநாளே விடுப்புக் கேட்டுக் கிளம்பிவிட்டேன்.

மாத்தளையோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. நிலையத்தில் மாமா, வசந்தாவின் அப்பா, காத்திருந்தார். கடைத்தெருவில் ஏலக்காய், கிராம்பு, சாதிக்காய் மொத்த வியாபாரம் செய்கிறவர். அந்தத் தெருவில் நடந்தாலே சட்டையில் கிராம்பு வாசம் ஏறிவிடும். முத்துமாரியம்மன் கோயிலைத் தாண்டிக் கடைக்குப் பின்னால் வீடு. வசந்தா வாசலுக்கு வந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள். இளைத்திருந்தாள். பெண்கள் பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறாளாம். ஓர் ஆசிரியை பிரசவ விடுமுறையில் போனதால் கிடைத்த இடம். அதைச் சொல்லும்போது பாதியில் நிறுத்திவிட்டாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு இடியாப்பமும் சம்பலும். மாமா பொதுவாக ஆரம்பித்து, மெல்ல விஷயத்துக்கு வந்தார். இலங்கையிலும் இன்ஜினியர்களுக்கு வேலை இருக்கிறது என்றார். பிறகு, அந்த உலை கைமீறிப் போய்விடாதா என்று கேட்டார். நிபுணர்கள் எல்லாவற்றையும் கணக்கிட்டிருக்கிறார்கள், பயப்படவே வேண்டாம் என்றேன். மாமா தலையாட்டினார். வசந்தா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை மாமாவே ஏற்பாடு செய்து எங்கள் இருவரையும் ரிவர்ஸ்டன் மலைக்கு அனுப்பிவைத்தார். பக்கத்துக் கடைக்காரர் காசிம் நானாவின் பழைய மொரிஸ் மைனர் கார். இரத்தோட்டை வரை ஏழெட்டு மைல், சமமான பாதை. அங்கே தோட்டத்து ஆட்கள் பஸ்ஸை விட்டு இறங்கிக் கூடைகளோடு சந்தைக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். அதற்கப்பால் ஏற்றம். மிளகுக்கொடியும் கொக்கோவும் முடிந்து, தேயிலை தொடங்கி, அதுவும் முடிந்து வெறும் புல்வெளியும் காற்றும் மட்டும் மிஞ்சின. வளைவுக்கு வளைவு காசிம் நானா ஹாரன் அடித்தார். கனடா மாப்பிள்ளைக்குக் குளிரெல்லாம் பெரிய காரியமா என்று என்னைச் சீண்டினார். வசந்தா முதல் முறையாகச் சிரித்தாள்.

உச்சியில் ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு மூடுபனி. விலகினால் கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும் என்று சொல்லிவிட்டு, காசிம் நானா கொஞ்சம் தள்ளியிருந்த தேத்தண்ணிக் கடைக்குப் போனார். நாங்கள் காருக்குள்ளேயே இருந்தோம். காற்று காரை ஆட்டியது.

"அப்பாகிட்ட பேப்பர்ல போடுற மாதிரி சொன்னீங்க. எனக்கு நெசத்தச் சொல்லுங்க. அங்க இன்னும் அடுப்பே பத்த வைக்கல, பிள்ள போனதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னு எனக்கே தெரியும். இனிமே பத்த வைப்பாங்கதானே. அதுக்குப் பக்கத்துலதானே நாம இருக்கணும்?"

நான் இரண்டு ஆண்டுகளாகச் செய்துவந்த வேலையை அவளிடம் ஒருநாளும் முழுதாகச் சொன்னதில்லை. அன்று சொன்னேன்.

உலைக்குள் நியூட்ரான்கள் பெருகிக்கொண்டே போகின்றன. அவற்றை விழுங்குகிற பொருளை உள்ளே விட்டால் உலை அணைந்துவிடும். அதற்காக மேலே தண்டுகளைத் தொங்கவிட்டிருக்கிறோம். ஆபத்து என்றால் பிடி விட்டுப்போய் அவை தாமாக உள்ளே விழும். இது போதாது என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்துதான். இன்னொரு வரிசைத் தண்டுகளை வைத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. உள்ளே இருக்கும் குழாய்கள் ஏதோ காரணத்தால் வளைந்துவிட்டால் முதல் வரிசை சிக்கிக்கொள்ளும். அதே காரணத்தால் இரண்டாவதும் சிக்கிக்கொள்ளும். எண்ணிக்கையில் இரண்டு, உண்மையில் ஒன்று. அந்த நாட்களில் எனக்குத் தூக்கமே சரியாக இல்லை.

அதனால் இரண்டாவது வழியில் தண்டே வேண்டாம் என்று வாதாடினோம். நியூட்ரான்களை விழுங்கும் உப்பைக் கரைத்துத் தொட்டிகளில் வைத்திருப்போம். வாயு அழுத்தம் அதைப் பக்கவாட்டிலிருந்து உலையை நிரப்பியிருக்கும் கனநீருக்குள் பாய்ச்சிவிடும். ஆபத்தை உணரும் கருவிகள் வேறு, கம்பிகள் கட்டடத்தின் வேறு பக்கம். நிர்வாகத்துக்கு இதில் விருப்பமில்லை. ஒருமுறை பாய்ச்சிவிட்டால் கனநீரைச் சுத்தம் செய்து மறுபடி ஓட்ட நாளாகும், அதுவரை மின்சாரம் இல்லை. கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். ஒருவருடைய தவறு மற்றவரைத் தொற்றக்கூடாது என்று வரைகிறவர்களையும் இரண்டாகப் பிரித்தார்கள். மத்தியானம் ஒரே மேசையில் சாப்பிடுவோம், வரைபடத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டோம்.

வசந்தா கண்ணாடியில் படிந்த ஈரத்தை விரலால் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பக்கத்து ஆளுங்களும் ஒரே பாடத்தத்தானே படிச்சிருப்பாங்க?" என்றாள். "அந்தப் பாடத்துலயே பிழை இருந்தா?"

அந்தக் கேள்வியை எங்கள் கூட்டங்களிலும் யாரோ ஒருவர் கேட்டுக்கொண்டேதான் இருப்பார். முடிந்தவரை குறைத்திருக்கிறோம், முழுதாக இல்லாமல் செய்ய எங்களால் முடியவில்லை என்றேன். இருந்தும் நீ அங்கே இருப்பதாக நினைத்துத்தான் ஒவ்வொரு வால்வையும் பார்த்தேன் என்றேன்.

அவள் மறுபடி கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். வராமலே இருந்துவிடுவாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. பிறகு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"பிள்ளைய வச்ச எடத்துக்கு யாராச்சும் போறாங்களா?"

"நான் போறேன். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம."

"அந்தப் பனியிலயா?"

"கையால பனியத் தள்ளிட்டுக் கொஞ்ச நேரம் நிப்பேன்."

"ஏன் எனக்கு எழுதல?"

அழுவாய் என்று எழுதவில்லை என்றேன். அவள் அப்போதுதான் அழுதாள். அந்தப் பிள்ளை அந்நிய மண்ணில் ஒருவருமில்லாமல் கிடக்கிறது என்ற நினைப்போடுதான் இத்தனை மாதமும் இருந்திருக்கிறாள். உலையைப் பற்றிய பயம் உண்மைதான். அதற்கு அடியில் இது இருந்தது. நானும் அழுதேன். கடையிலிருந்து திரும்பிய காசிம் நானா எங்களைப் பார்த்துவிட்டு, பானெட்டைத் திறந்து எதையோ துடைக்க ஆரம்பித்தார். மூடுபனி கடைசிவரை விலகவில்லை. பள்ளத்தாக்கு எப்படி இருக்கும் என்று என்னால் உங்களுக்குச் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்ததும் வசந்தாவே அப்பாவிடம் சொல்லிவிட்டாள். கோயிலில் மாசித் தேர் முடியட்டும், பள்ளிக்கூடத்திலும் அந்த ஆசிரியை திரும்பிவிடுவார், பங்குனியில் போகிறேன் என்றாள். மாமா என்னிடம், அவளுக்கு நல்ல கம்பளிச் சட்டை எங்கே கிடைக்கும், கொழும்பிலா கண்டியிலா என்று மட்டும் விசாரித்தார்.

மீதி நாட்கள் வேகமாகப் போயின. கடையில் மாமாவோடு உட்கார்ந்து சாதிக்காயைத் தட்டிப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். சாயங்காலங்களில் நானும் வசந்தாவும் கோயில் வரை நடந்தோம். மலைகளுக்கு நடுவே இருப்பதால் மாத்தளையில் சீக்கிரம் இருட்டிவிடுகிறது. எங்கள் ஏரிக்கரை ஊரில் அந்த மாதத்தில் அதைவிடச் சீக்கிரம். அங்கே இருட்டியதும் கதவுகளைச் சாத்திவிடுவார்கள். இங்கே அப்போதுதான் தெருவே வெளியில் வரும்.

புறப்பட்ட காலையில் நிலையத்துக்கு அவளும் வந்தாள். வண்டி நகர்வதற்குச் சற்று முன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி சொன்னாள்.

"இந்த ஞாயித்துக்கெழம போறப்போ, அம்மா வர்றாங்கன்னு பிள்ளகிட்ட சொல்லிருங்க."

சொன்னேன்.