தங்கபாயின் கதைகளிலிருந்து நான் நீக்கிய ஆள்

தங்கபாய் தம் சாவை முன்கூட்டியே கதையில் எழுதிவைத்தார் என்று பாறசாலையிலும் நெய்யாற்றங்கரையிலும் பேசிக்கொள்கிறார்கள். அடக்க ஆராதனைக்கு வந்த ஒருவர் அதை வரம் என்றே சொன்னார். அது தவறு. அவருக்கு அப்படி ஒரு வரமும் கிடையாது. கண்ணுக்கு முன்னால் இருந்ததை அவர் எழுதினார், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை பத்தரைக்குச் செய்தி வந்தது. ஆரியங்கோட்டில் அவருடைய பக்கத்து வீட்டு லீலா போனில் கத்தினாள். "எக்கா, தங்கபாயி ரப்பர் தோட்டத்தில கிடக்கா. சிரட்டையெல்லாம் பால் நிறைஞ்சு மண்ணில வழியுது." நெஞ்சுவலி என்று முதலில் சொன்னார்கள். மேட்டிலிருந்து சறுக்கி விழுந்தார் என்று பிறகு சொன்னார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த மகன் அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் திரும்பிப் போய்விட்டான்.

நம் இதழில் அவர் கதைகளைப் படித்த உங்களுக்கு அவர் எழுதிய விதம் தெரிந்திருக்காது. விடியும்முன் தம் ரப்பர் மரங்களின் பட்டையைத் தாமே வெட்டிவிட்டு, பால் வடிந்து சிரட்டை நிறையும்வரை ஒரு கல்லில் உட்கார்ந்து எழுதுவார். பேனாவைத் தாளிலிருந்து எடுக்கமாட்டார், எழுதியதைத் திரும்பிப் பார்க்கமாட்டார். "எனக்குப் பால் வடியிற நேரம் மட்டும்தான் உண்டு. நின்னு யோசிச்சா நான் பயந்துபோவேன் அக்கா" என்பார். எதற்குப் பயம் என்று நான் கேட்டதில்லை. காற்புள்ளி இல்லாத அந்தப் பக்கங்களைத் திருத்தி எழுதுவதே எனக்குப் போதுமான வேலையாக இருந்தது. கன்னியர் மடத்துப் பள்ளியில் ஒரு பிழைக்கு இருபது முறை எழுதி வளர்ந்தவள் நான்.

ஒரு கதையில், சாட்சி சொல்லும் கட்டத்தில் ஒரு கீரி குறுக்கே ஓடியது.

"நீதிமன்றத்துக்குள் கீரி எப்படி வந்தது, தங்கபாய்?"

"அது எனக்க முன்னால ஓடிச்சுது. கை நிறுத்தப்பிடாதுல்லா? அதும் கதையில ஏறிட்டு. இருக்கட்டும் அக்கா, அந்த வக்கீலைவிட அதுக்குப் புத்தி உண்டு."

இருவரும் சிரித்தோம். கீரியை நீக்கினேன்.

போன மழைக்காலம் முடிந்தபிறகு வேறொன்று ஏறத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக் கதையின் நடுவே, "கருப்பு மழைக்கோட்டு போட்ட ஒருவன் மேட்டில் நின்றான்" என்று ஒரு வரி. அடுத்த வரியில் டாக்டர் பேசிக்கொண்டிருந்தார். மழையே இல்லாத கதை. நீக்கினேன். அடுத்த மாதம் பேருந்துக் கதையிலும் அவன் வந்தான், மூன்றாவது வரிசை மரத்தருகே. பேருந்தில் மரம் ஏது என்று சிவப்பு மையில் எழுதி, அவனையும் நீக்கினேன்.

கடைசியாக என் வீட்டுக்கு வந்தபோது, தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"எக்கா, அந்த ஆளை எடுத்திட்டியளா?"

"எடுத்துவிட்டேன். கதைக்குத் தேவையில்லாதவன்."

"நல்லது" என்றார். பிறகு, "எடுத்தாலும் வாறான்" என்றார்.

இனிமேல் கொஞ்சம் நிதானமாக எழுதுங்கள் என்று அறிவுரை சொல்லி அனுப்பினேன். கீரி எப்படிக் கதைக்குள் வந்தது என்று தெரிந்திருந்தும், அந்த ஆள் எப்படி வந்தான் என்று நான் யோசிக்கவில்லை.

அடக்கத்துக்குப் பிறகு காவல் நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த இளைஞர் மரியாதையாகவே கேட்டார். "அம்மச்சி, அவங்க கைப்பட எழுதினது வல்லதும், ஒரு துண்டுக் காகிதமாவது உண்டா?" என்னிடம் இல்லை. நகல் எழுதியதும் மூலப் பக்கங்களைக் கிழித்துவிடுவது என் வழக்கம். என்னிடம் இருப்பவை பிழையற்ற கதைகள். அவற்றில் அந்த ஆள் எங்கேயும் இல்லை.

ஒரே ஒரு கதை தப்பியிருக்கிறது. இறப்பதற்கு முந்தின நாள் லீலாவிடம் கொடுத்தனுப்பியது, நான் தொடாதது; நிலையத்திலிருந்து நான் திரும்பிய பிறகே அவள் கொண்டுவந்து தந்தாள். பூவாரில் படகில் நடக்கும் ஒரு கல்யாணம். நடுவில் இப்படி இருக்கிறது: "அவன் பக்கத்தில் வந்து கோட்டைக் கழற்றினான் இவனா என்று நினைத்தாள்." அதற்கடுத்த வரி மணப்பெண்ணின் தாய் கட்டியிருந்த சேலையைப் பற்றியது. பெயர் இல்லை. தங்கபாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு பக்கம்தான். நகலை நிலையத்தில் கொடுத்துவிட்டு, அதை மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருக்கிறேன். சிவப்புப் பேனாவை எடுத்து எறிந்துவிட்டேன்.

தோட்டத்திலிருந்தே பக்கங்களைப் படம்பிடித்து உங்களில் சிலருக்கு அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதுண்டு. அது ஒழுங்கல்ல என்று நான் கண்டித்தும் இருக்கிறேன். அவற்றை அழிக்காமல் வைத்திருப்பவர்கள் தேடிப் பாருங்கள். அந்த ஆள் எந்தக் கதையில், எந்த இடத்தில் நின்றான், கையில் என்ன இருந்தது, முகத்தைப் பற்றி ஒரு சொல்லாவது உண்டா என்று பாருங்கள். போனில் சொல்ல வேண்டாம், அதை நிலையத்தில் கொடுக்க முடியாது. படத்தை அச்செடுத்து இணைத்து, அவர் எழுதியதை எழுதியபடியே, ஒரு எழுத்தும் திருத்தாமல், உங்கள் கையெழுத்தோடு எனக்கு எழுதி அனுப்புங்கள்.