ரசீதில் இல்லாத பெயர்

கொரோனாவின் முதல் ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்திருந்த சமயம். மயிலாப்பூர் மாட வீதிக்குப் பக்கத்தில் இருக்கும் என் பழக்கடையில்தான் இது ஆரம்பித்தது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தலையில் கூடை சுமந்து விற்று, இன்று மயிலாப்பூர், அடையாறு, தி.நகர் என்று மூன்று கடை வைத்திருக்கிறேன். கூட்டாளி கிடையாது. எல்லாம் இந்த இரண்டு கை. பன்னீர் திராட்சை என்றால் காரில் வருகிறவர்களும் என் கடை வாசலில்தான் நிற்பார்கள். கோயம்பேடு சந்தைக்குப் போகாமல் கம்பம் ஊர்த் தோட்டத்திலிருந்து நேராக எனக்குச் சரக்கு வரும்.

அதை அனுப்புகிறவர் குத்தகைக்குப் பயிர் செய்பவர். நிலம் கோட்டூர்புரத்தில் குடியிருக்கும் ஒரு பெரிய மனிதருடையது. குத்தகைக்கு எழுத்து இல்லை, வெறும் வாய்ப்பேச்சுதான். நானும் பன்னிரண்டு வருஷமாக நிலக்காரர் பெயரில்தான் ரசீது போட்டேன். தோட்டம் யார் பெயரில் இருக்கிறதோ அந்தப் பெயரில் போடுவது எங்கள் வழக்கம். அதோடு, பெரிய இடத்துச் சரக்கு என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு கெத்து.

ஒருமுறை குத்தகைக்காரரே கேட்டார். "எம்பேரையும் ஓரமாப் போடுங்கண்ணே."

"உன் பேரப் பாத்து எவன் நைனா திராட்சை வாங்கப்போறான்?" என்று சிரித்தேன். அவரும் கூடவே சிரித்தார்.

ஊரடங்கில் லாரி ஓடவில்லை. அவருடைய திராட்சை கொடியிலேயே அழுகியது. அரசாங்கம் கொடுத்த நிவாரணமோ நிலக்காரர் கணக்குக்குப் போய்விட்டது. ஒருநாள் குத்தகைக்காரர் முகக்கவசத்தோடு என் கடையில் வந்து நின்றார்.

"பயிர் பண்ணது நாந்தான்னு ஆபீசுல காட்டணுமாம். வித்த ரசீது கேக்குறாங்கண்ணே."

அந்தப் பணம் வந்தால்தான் கொடியை வெட்டிக் கவாத்து செய்து உரம் வைக்க முடியும். இல்லாவிட்டால் தோட்டத்தையே விட வேண்டியதுதான். பழைய ரசீதுப் புத்தகங்களை எல்லாம் புரட்டினேன். ஒன்றில்கூட அவர் பெயர் இல்லை.

"இதுக்கா மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு கீற? வா, நான் பேசிக்கிறேன்" என்று அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு கோட்டூர்புரம் போனேன். நான் பேசி நடக்காத காரியம் உண்டா என்ற நினைப்பு.

நிலக்காரர் கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கேட்டார்: "வருஷா வருஷம் என் பேர்ல ரசீது போட்டது நீங்கதானே? இப்ப வந்து வேற ஆளு பயிர் பண்ணான்னு சொன்னா எப்படிங்க?"

ஊரையே வாயால் வளைத்தவன், வண்டியைத் திருப்பினேன்.

திரும்பும் வழியில் ஆற்றுப் பாலத்தருகே வண்டியை நிறுத்தி, என் பணத்தை எடுத்து நீட்டினேன். அவர் தொடவில்லை.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. இது நீங்களாப் பாத்துக் குடுக்குறது. அது எனக்கு வர வேண்டியது. ரெண்டும் ஒண்ணாகாதுல்ல?"

குரலில் துளிக் கோபம் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அந்த வருஷமே அவர் தோட்டத்தை விட்டுவிட்டார். இப்போது யார் ஒரு பெட்டி இறக்கினாலும், பயிர் செய்தவர் பெயரைக் கேட்டு எழுதிய பிறகுதான் பெட்டியைத் திறக்கிறேன். ஆனாலும் எழுதி முடிக்கும் ஒவ்வொரு ரசீதிலும் ஒரு பெயர் குறைவதாகவே எனக்குத் தோன்றுகிறது.